பலாச்சுளையும் பாஸ்கல் விதியும்



பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு வைத்திருக்கும் என் பழைய மாணவன் போன வாரம் போன் செய்தான். "சார், சுளையைப் பாக்கெட்டில் அடைத்து உயர் அழுத்தம் கொடுத்தால் வாரக்கணக்கில் கெடாதாமே! நிலத்தை அடகு வைத்து மெஷின் வாங்கலாமா?" என்றான். அவன் அப்பா முந்திரிக்காட்டில் கூலிக்குப் போய்ச் சேர்த்த நிலம் அது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். யாருக்காவது பயன்படும்.

நான் உங்களுக்கு நடத்திய பாஸ்கல் விதிதான் இது. பாக்கெட்டை எஃகு உருளைக்குள் குளிர்ந்த நீரில் வைத்து 600 மெகாபாஸ்கல் வரை அழுத்துகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 6,000 மடங்கு! கடலிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில்கூடச் சுமார் 1,100 மடங்குதான். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் பழம் கூழாவதில்லை. சில நிமிடங்களில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். வேகவைக்காததால் மணமும் வைட்டமின் சியும் பெருமளவு தங்கும்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது.

முதலாவது, சில பாக்டீரியாக்களின் ஸ்போர்கள் இந்த அழுத்தத்துக்குச் சாகாது. அன்னாசியின் புளிப்பு அவற்றை அடக்கி வைக்கும். பலாவிலும் பப்பாளியிலும் அந்தப் புளிப்பு இல்லை. அதனால் தொழிற்சாலையிலிருந்து சாப்பிடுகிறவர் வீடு வரை குளிர் விடாமல் இருக்க வேண்டும். நடுவில் விட்டுப்போனால் ஆபத்து.

இரண்டாவது, செல் சவ்வுகள் உடைந்து நீர் கசியும். சுளையின் கடிபதம் தளரும். நிறம் மாற்றும் நொதிகளில் சில அழுத்தத்தையும் தாங்கும். அதனால் துண்டுகளைவிடச் சாறுக்கும் மசியலுக்குமே இம்முறை நன்றாகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் 1990களிலிருந்து நன்கு விற்பது அவகாடோ மசியல்தான்.

மூன்றாவது, பெரிய மெஷின் கோடிக்கணக்கில் ஆகும். வெளிநாடுகளில் பலர் சொந்தமாக வாங்காமல், மெஷின் உள்ள இடத்தில் கூலி கொடுத்தே பதப்படுத்திக்கொள்கிறார்கள்.

"தம்பி, பத்திரத்தைப் பெட்டியிலேயே வை. முதலில் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போய் விசாரி. கொஞ்சம் சுளையைச் சோதித்துப் பார். குளிர்வண்டிச் செலவையும் கணக்குப் போடு. அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம்" என்றேன்.

உணவுத் தொழில்நுட்பம் படித்த என் பிள்ளைகள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அவன் படித்துக்கொண்டிருப்பான்.