சீட்டில் உள்ள நேரமும் வானில் கழியும் நேரமும்



தம்பலகாமத்தில் யாராவது உம்றாவுக்குப் புறப்பட்டால் விமானச் சீட்டை வாசித்துக் காட்டும்படி என்னிடம் கொண்டுவருவார்கள். "எத்தனை மணிக்கு இறங்கும், மௌலவி?" என்பதுதான் முதற் கேள்வி. அதற்கு விடை காண ஒரு சிறு கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தடவை ஓர் உம்மா மகளை வழியனுப்பிவிட்டு வீட்டில் இருந்தார். கட்டுநாயக்கவில் பகல் 2.00 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் மாலை 5.45 மணிக்கு இறக்கம் என்று சீட்டில் இருந்தது. மூன்றே முக்கால் மணித்தியாலம் என்று அவர் எண்ணிக்கொண்டார். மஃரிப் தொழுத பின்னும் தொலைபேசி ஒலிக்கவில்லை. முஸல்லாவிலேயே இருந்து அழத் தொடங்கிவிட்டார். உண்மையில் மகள் அப்போது வானில்தான் இருந்தாள்.

சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே எழுதுவார்கள். சவூதி நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் உள்ளது. ஆகவே ஜித்தாவின் 5.45 என்பது நமக்கு இரவு 8.15. பயணம் ஆறேகால் மணித்தியாலம். திரும்பும்போது கணக்கு மாறும். அங்கே இரவு 8.00 மணிக்கு ஏறி இங்கே அதிகாலை 4.00 மணிக்கு இறங்கினால் எட்டு மணித்தியாலம் அல்ல, ஐந்தரைதான். இடையில் தோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறினால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா வான்வழியே ஏறத்தாழ 4,650 கிலோமீட்டர். நமது ஊரிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க போய்ச் சேர 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனாலும் இரண்டுக்கும் செல்லும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே! எனவே வீட்டுப் படியிறங்கியது முதல் கணக்கிடுங்கள். வயதான பெண்களுக்கு மருந்தும் சாப்பாடும் அதற்கேற்ப இருக்கட்டும்.

இபாதத்துக்கும் இந்தக் கணக்குத் தேவை. மேற்கே செல்லும் விமானத்தில் பகல் நீளும். நோன்பு நோற்றிருப்பவர், ஊர்க் கடிகாரத்தில் மஃரிப் ஆகிவிட்டது என்று நோன்பு திறக்கக்கூடாது. விமானம் இருக்குமிடத்தில் சூரியன் மறைய வேண்டும். பகல் 2.00 மணிப் பயணமென்றால் லுஹரையும் அஸரையும் விமான நிலையத்திலேயே சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மீகாத். நேரே ஜித்தா செல்லும் விமானம் இறங்குவதற்கு முன்பே வானில் மீகாத் எல்லையைக் கடந்துவிடும். "இறங்கிய பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று இருந்துவிடாதீர்கள். ஆண்கள் இஹ்ராம் உடையைப் புறப்படும்போதே உடுத்திக்கொள்வது நல்லது. பெண்களுக்குத் தனி உடை இல்லை. முகத்தை மறைக்கும் நிகாபும் கையுறையும் மட்டும் கூடாது. இறங்கும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே விழித்திருந்து, அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லுங்கள்.

சகோதரிகளே, புறப்படும் முன் ஒரு தாளில் இறங்கும் நேரத்தை நமது நேரத்தில் எழுதி உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். விமான நிலையச் சோதனைகளுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் சேர்த்தே எழுதுங்கள். அதுவரை அவர் கலங்காமல் உங்களுக்காக துஆச் செய்துகொண்டிருப்பார்.