தேன்கூடு

2021இல் ஒரு மாலை, கல்முனைக் கடற்கரையில் ஒதுங்கிய ஜெலிமீனைக் காட்டி மகள் கேட்டாள்: "எலும்பில்லாத உடம்பு கல்லில பதியுமா, வாப்பா?"

பதியும் என்றேன். டிக்கின்சோனியா 55 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மென்மையான உடல்கொண்ட உயிரி. மணல் மூடிப் பதிந்தது. ரஷ்ய வெண்கடலோரப் படிவமொன்றில் கொலஸ்ட்ரோல் எச்சம் கிடைத்ததால், அது விலங்குதான் என்று 2018இல் உறுதியாயிற்று. இந்தியாவில், பீம்பேட்கா குகைக் கூரையிலும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தேன்.

2023இல் ஜோசப் மீர்ட் குழுவினர் மறுத்தெழுதினர். அந்தப் 'படிவம்' பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது, உள்ளே தேனறைகள். சிதைந்துபோன தேன்கூடு! முதலில் அறிவித்த ரெட்டாலக்கே தவறை ஒப்புக்கொண்டார். எனக்கோ மகளிடம் சொல்ல இரண்டு நாள் பிடித்தது.

அவள் சிரித்தாள். "ஸூரத்துன் நஹ்லு ஓதுற உங்களுக்கே தேனீயைத் தெரியல்லியா, வாப்பா?"