வாசிக்கிறார்கள், புரிகிறதா?

'பிறுக்கன் தொமளையை மெல்லத் திணுவினான். தொமளை கிளவத்தில் விழுந்தது.' இந்த இரண்டு வரிகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, 'தொமளையைத் திணுவியவன் யார்? தொமளை எங்கே விழுந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். திணுவியவன் பிறுக்கன், தொமளை கிளவத்தில் விழுந்தது என்று ஒரு பிழையும் இல்லாமல் எழுதித் தருவார்கள். முழு மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும். பிறுக்கன், தொமளை, திணுவுதல், கிளவம் ஆகிய நான்கும் நான் இட்டுக்கட்டிய சொற்கள். அவற்றுக்குப் பொருளே கிடையாது.

'பத்தியைப் படித்து விடையளி' என்று நாம் கொடுக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றை இப்படியே முடித்துவிடலாம். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று தேடி, அந்த வரியை எடுத்து எழுதினால் போதும். பிள்ளைகள் இந்த வழியை மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விடையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நாம் நம்புகிறோமே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியராக நான் உறுதியாக நம்புவது இது: புத்தகத்துச் சொல் பிள்ளையின் வாய்ப்பேச்சு வழியாகத்தான் உள்ளே போகும். பிள்ளைகள் பேசாத வகுப்பில் எத்தனை பயிற்சித்தாள் கொடுத்தாலும் அவர்கள் எழுத்தை ஒலிக்கக் கற்பார்கள், அவ்வளவுதான்.

ஒலிப்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. 247 எழுத்துகள் என்றால் கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் அவற்றின் குறிகளும் பிடிபட்டுவிட்டால் எந்தத் தமிழ்ச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். 2022 ஜூனில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் ஆட்டமும் அட்டைகளுமாகக் கற்றுத் தந்தபோது எழுத்தில் தடுமாறியவர்கள் தேறி வந்ததை என் வகுப்பில் கண்டேன். பிள்ளை கடகடவென்று வாசிப்பதைக் கேட்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது. நிறைந்த மனதோடு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு எண். காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான். முதல் எண்ணுக்காக நாம் படும் பாட்டில் பாதியைக்கூட இரண்டாவதற்குப் படுவதில்லை.

அந்த இரண்டாவது எண் தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிட்டோம். வீட்டில் 'அவங்க போனாங்க' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் 'அவர்கள் சென்றனர்' என்பதைப் பார்க்கிறது. 'அவங்க', 'அவர்கள்' ஆவது எளிதில் பிடிபடும். 'போனாங்க' என்பதும் 'சென்றனர்' என்பதும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். அகராதியைப் பார் என்று சொல்லிவிடலாமா? அகராதியில் 'சென்றனர்' இருக்காது, 'செல்' தான் இருக்கும். 'நின்றான்' என்பதற்கு 'நில்' என்று தேட வேண்டும், 'கண்டான்' என்பதற்குக் 'காண்' என்று தேட வேண்டும். 'கற்றான்' என்பதற்குச் சரியாக வேர் கண்டுபிடித்து வருகிற பிள்ளை 'கல்' என்ற இடத்தில் முதலில் பாறையைத்தான் பார்க்கும்.

இதனால் நான் வேர் தேடும் விளையாட்டை மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆடுகிறேன். கரும்பலகையில் 'நடந்துகொண்டிருந்தவரிடமிருந்து' என்று நீளமாக ஒரு சொல்லை எழுதுவேன். பிள்ளைகள் மலைத்துப் போவார்கள். வால் பக்கமிருந்து ஒவ்வொரு துண்டாகக் கையால் மறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் 'நட' நிற்கும். அது அவர்களுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த சொல். பிறகு ஒவ்வொரு துண்டாகத் திறந்து, 'இப்ப என்ன கூடுச்சு?' என்று கேட்பேன். இலக்கணப் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். நீளமான சொல்லுக்குள் தெரிந்த சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்ற தைரியம் வந்தால் போதும்.

அடுத்து, சின்ன உருபுகள். தமிழில் ஒரு வாக்கியத்தின் தலையெழுத்தையே ஓர் எழுத்து மாற்றிவிடும். 'நாய் துரத்திய பையன்', 'நாயைத் துரத்திய பையன்'. வேகமாக வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் நாய் இருக்கிறது, பையன் இருக்கிறான், துரத்தல் இருக்கிறது. நாய்தான் பையனைத் துரத்தும் என்று மனமே முடிவு கட்டிவிடும். விளக்கிச் சொல்லாமல் இரண்டு பேரை முன்னால் அழைத்து நடிக்க வைக்கிறேன். ஒருவன் நாய், ஒருவன் பையன். நான் வரியை வாசிப்பேன். ஓட வேண்டியவன் ஓட வேண்டும். தப்பானவன் ஓடினால் வகுப்பே கத்தும்: 'டீச்சர், நாயை... நாயைன்னு சொன்னீங்க!' அந்த 'ஐ' அன்றைக்கு அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இதேபோல் 'மழை பெய்தால் போவோம்', 'மழை பெய்தாலும் போவோம்' என்ற இரண்டையும் கொடுத்து, 'எந்த வரி சொல்றவங்க வீட்டுல குடை இருக்கு?' என்று கேட்டால் நல்ல வாதம் நடக்கும்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது என்பதும் சின்னப் பிள்ளைக்குப் பெரிய சுமை. 'அப்பாவால் திருவிழாவுக்கு எல்லோருக்கும் புதுத்துணி வாங்க' என்பதுவரை வாசித்துவிட்டு மகிழ்ச்சியாக இருக்கும்போது 'முடியவில்லை' என்று முடியும். திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளை கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடுகிறது. அதனால்தான் சரளம் வேண்டும் என்கிறோம். வேகப் போட்டிக்காக இல்லை. கடைசிச் சொல்லை விரலால் மூடிக்கொண்டு 'இதுல என்ன இருக்கும்?' என்று ஊகிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. ஊகம் தப்பாகப் போகட்டும். ஊகிக்கிற பிள்ளை பொருளைத் தேடுகிற பிள்ளை.

எழுவாயைச் சொல்லாமல் விடுகிற வழக்கமும் தமிழில் உண்டு. 'தம்பியைத் தேடி அண்ணன் ஆற்றங்கரைக்குப் போனான். அழுதுகொண்டிருந்தான்.' அழுதது யார்? வகுப்பில் இரண்டு கட்சி உருவாகும். இரண்டு கட்சியும் அடுத்த வரியைத் திரும்பப் படித்து ஆதாரம் காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி.

சொல் கற்பிப்பதில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. 'பொருள் அறிக' பகுதியில் தெரியாத சொல்லுக்கு எதிரே இன்னொரு தெரியாத சொல் நிற்கும். தயக்கம் என்பதற்கு ஐயம் என்று எழுதி மனப்பாடம் செய்தால், தெரியாத சொற்கள் இரண்டு ஆகின்றன. 'சொற்றொடரில் அமைத்து எழுதுக' என்றாலும் பிள்ளைகளிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் 'எனக்கு அது பிடிக்கும்' என்ற அச்சில் வார்த்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கல்வியாளர் இசபெல் பெக்கும் உடன் எழுதியவர்களும் 2002இல் வெளியிட்ட நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். எல்லோரும் பேச்சில் அறிந்தவை முதல் அடுக்கு. ஒரு பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாம் அடுக்கு. இடையில் உள்ளவை எந்தக் கதையிலும் எந்தக் கட்டுரையிலும் திரும்பத் திரும்ப வருகிற, ஆனால் வீட்டுப் பேச்சில் அதிகம் வராத சொற்கள். தமிழில் தயங்கு, திகை, பொருட்படுத்து, எதிர்பாராமல், இருப்பினும் போன்றவற்றை இதில் சேர்ப்பேன். நம் உழைப்பு இந்த நடு அடுக்குக்குப் போக வேண்டும். ஒரு பாடத்தில் மூன்று நான்கு சொற்கள் போதும். பத்துச் சொற்களை எடுத்தால் ஒன்றும் தங்காது.

'தயங்கினான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலில் வீட்டுப் பேச்சில் சொல்வேன்: 'செய்யலாமா வேணாமான்னு யோசிச்சு நின்னுட்டான்.' பிறகு கேள்விகள். பசியோட வீட்டுக்குப் போற, அம்மா சோறு போடுறாங்க, தயங்குவியா? தெரியாதவங்க வீட்டுக்குள்ள போகச் சொன்னா? சைக்கிளை ஒடச்சிட்டு அப்பாகிட்ட சொல்லும்போது? ஆம், இல்லை என்பதோடு விட மாட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும். எழுதும்போது வாக்கியத்துக்குள் 'ஏனென்றால்' கட்டாயம் வர வேண்டும். 'நான் வாய்க்காலில் இறங்கத் தயங்கினேன், ஏனென்றால் தண்ணீர் சிவப்பாகச் சுழித்து வந்தது' என்று ஒரு பெண்பிள்ளை எழுதினாள். அந்தச் சொல் இனி அவளுடையது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வேறு இடங்களில் அது காதில் விழும்படி நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை சந்தித்த சொல் தங்காது.

வீட்டில் பாட்டியிடம் கேட்டு விடுகதை கொண்டுவரச் சொல்வதும், கற்ற சொல்லுக்கு அவர்களையே விடுகதை கட்டச் சொல்வதும் என் வகுப்பில் வெள்ளிக்கிழமை வேலை. நேரடியாகச் சொல்லாததைக் குறிப்புகளிலிருந்து கண்டுபிடிப்பதுதான் விடுகதை. வாசிப்பிலும் நமக்கு வேண்டியது அதுவே.

விடை சொல்லும்போது பிள்ளை பேச்சுத் தமிழில் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 'அவன் பயந்துட்டான் டீச்சர்' என்றவனை 'பயந்துவிட்டான்னு சொல்லு' என்று நிறுத்தினால், சொல்ல வந்த காரணம் தொண்டையிலேயே நின்றுவிடும். புரிந்ததா என்று பார்ப்பது ஒரு வேலை. எழுத்துத் தமிழில் சொல்லப் பழக்குவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போனால் கூச்சமுள்ள பிள்ளைகள் வாய் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்க மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்துச் சொன்னார்கள். நான் வேலை பார்ப்பது காவிரிப் பாசனப் பகுதி. மெட்ரோ ரயில் பற்றிய பாடத்தை என் பிள்ளைகள் வழுக்காமல் வாசித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. 'தாத்தா மதகருகில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் 12 கடந்து வெகுநாள் ஆகிவிட்டது' என்று நானே எழுதிக் கொடுத்த இரண்டு வரிகளை, எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு பையன் மெதுவாக முடித்துவிட்டு, 'மேட்டூரு தொறக்கலையா டீச்சர்? நாத்து விடலையா?' என்றான். இரண்டு வரியிலும் மேட்டூர் இல்லை, அணை இல்லை, நாற்று இல்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பது அவனுக்குத் தெரியும்.

ஆகவே தெரியாத உலகத்தைப் பற்றிய பாடம் என்றால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். மெட்ரோ ரயிலுக்குப் படம் காட்டி, தரைக்கு அடியில் எப்படி ஓடும், உள்ளே காற்று எங்கிருந்து வரும் என்று அவர்களைக் கேட்கவிட்டுப் பிறகு வாசித்தால் அதே பாடம் வேறு பாடமாகிவிடுகிறது. கேள்விகளிலும் ஒன்றாவது ஒரே வரியில் விடை கிடைக்காததாக இருக்கட்டும். 'அவன் ஏன் திரும்பிப் போனான்?', 'இவள் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' இவற்றுக்கு எடுத்தெழுத வரி இருக்காது. முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அன்று வராத பிள்ளைக்குக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வினாத்தாளையும்விட அது நம்பகமான தேர்வு.

இதற்கெல்லாம் பாடநூல் மட்டும் போதாது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல் இதழ் வருகிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்த வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் வந்திருக்கின்றன. அவற்றைக் கட்டுக்கூடப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைப்பதை விட்டுவிட்டு, கிழிந்தாலும் பரவாயில்லை என்று பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அதன் கண்ணுக்கு எட்டாத சொற்கள் இன்னும் பல ஆண்டுகளுக்குக் காது வழியாகத்தான் வரும். வாசிக்கத் தெரியாத அம்மாவும் பாட்டியும் கதை சொல்லலாம், பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிச் செஞ்சான்?' என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை நாளுக்குப் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.