பேப்பர் சார்

மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘பேப்பர் சார்’. அது எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் பி.காம். வகுப்புக்குப் பழைய நோட்ஸோடு போவார்கள். நான் அன்றைய வணிகப் பக்கத்தோடு போவேன். அதில் எனக்குக் கர்வம்.

2008 செப்டம்பரில் ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு நிறுவன நிர்வாகத்துக்கான கோல்டன் பீக்காக் விருது கிடைத்தது. செய்தியை வெட்டினேன். ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று தேதியையும் நிருபர் பெயரையும் கத்தரித்துவிட்டு, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் வகுப்பு முழுமைக்கும் நகல் எடுத்தேன். செய்தியில் பெரும்பகுதி அந்த நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான். அது என் கண்ணில் படாமல் இல்லை. நல்ல நிர்வாகத்துக்கு உதாரணம் கேட்டால் இதையே எழுதுங்கள் என்றேன். ஆண்டறிக்கையை நான் திறக்கவே இல்லை.

ஒரு மாணவன் திறந்திருந்தான். பிரவுசிங் சென்டரில் இறக்கி, இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான்.

“சார், பேங்க்ல இவ்வளவு பணம் சும்மா கிடக்குதே, ஏன் சார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “உனக்குத் தெரிஞ்சது விருது கொடுத்தவங்களுக்குத் தெரியாதாப்பா? உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அசைன்மென்டிலும் அதே சந்தேகத்தை எழுதியிருந்தான். ‘தலைப்பை விட்டு விலகல்’ என்று சிவப்பு மையில் எழுதி, அகமதிப்பீட்டில் 25க்கு 11 போட்டேன். செய்தியை வரி மாறாமல் திருப்பி எழுதியவர்களுக்கு 20க்கு மேல். அதன் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் கேட்கவில்லை. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று நான் நிம்மதிப்பட்டேன்.

2009 ஜனவரி 7. சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் ஒப்புதல் கடிதம் வெளியானது. செப்டம்பர் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த மாணவன் விரல் வைத்துக் காட்டிய அதே இனம். வங்கி இருப்பைத் தணிக்கையாளர் வங்கிக்கே நேரடியாக எழுதிக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று தணிக்கைப் பாடத்தில் நடத்துகிறவன் நான். விருதையும் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கடிதம் வெளியான பிறகு அடுத்த வகுப்புக்கும் பேப்பரோடுதான் போனேன். இந்த முறை மோசடிக்கு உதாரணம். எனக்கு முன்பே சந்தேகம் இருந்ததுபோல நடத்தினேன். பழைய நகலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். ‘இவன் அன்றைக்குக் கேட்டது சரி’ என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. சொல்லவில்லை.

அகமதிப்பீட்டுப் பட்டியல் நவம்பரிலேயே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தது. திருத்தக் கோரி முதல்வர் வழியாக நான் எழுதியிருக்கலாம். எழுதினால் காரணம் கேட்பார்கள். எழுதவில்லை. அவன் மார்க் ஷீட்டில் அது இன்றும் 11தான்.