இளம் ஆய்வாளரும் பதிப்புப் பணியும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபொழுது, இலக்கியப் பொருளொன்றை எடுத்துக்கொள்ளுதலே தமிழாசிரியனுக்கு இயல்பு என்று எண்ணினேன். ஆயினும், நம் பழைய மாணவருட் பலர் இன்று மருத்துவராயும் பொறியியலாளராயும் விஞ்ஞான ஆய்வாளராயும் விளங்குகின்றனர். ஆதலின், அவர்க்கும் எனக்கும் பொதுவானதொரு தொழிலைப் பற்றி எழுதத் துணிந்தேன். பிறர் எழுதியதைப் படித்து, சீர்தூக்கி, பிழை களைந்து பதிப்பித்தலே அத்தொழில்.

விஞ்ஞானச் சஞ்சிகையொன்றிற்கு ஆய்வுக் கட்டுரை வந்து சேர்ந்ததும், பதிப்பாசிரியர் அதனைப் படித்து, துறையறிந்தார் இருவர்க்கோ மூவர்க்கோ அனுப்பி, அவர்தம் கருத்தைப் பெற்று, ஏற்பதா, திருத்துவிப்பதா, தள்ளுவதா என முடிவு செய்வர். நெடுங்காலமாக இது பெரும்பாலும் முதிர்ந்த பேராசிரியர்தம் பணியாகவே இருந்து வந்தது. அண்மைக் காலத்திலோ, கலாநிதிப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்த இளைஞரையும் இப்பணியிற் சேர்த்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. 2012ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஈலைஃப்’ என்னும் உயிரியற் சஞ்சிகை இளம் ஆய்வாளரை மதிப்பீட்டுப் பணிக்கு விரும்பி அழைப்பனவற்றுள் ஒன்று.

துறைதோறும் இப்பணி வேறுபடும். கணிதத்தில் நிறுவலின் ஒவ்வொரு படியையும் தொடர்ந்து சென்று பார்த்தல் வேண்டும். மருத்துவத்தில் நோயாளரின் இசைவு பெறப்பட்டதா என்று வினவுதல் வேண்டும். வேளாண்மையில் ஒரு போகத்து விளைச்சலைக் கண்டு முடிவு கூறினாரா, பல போகம் பயிரிட்டுப் பார்த்தாரா என்று நோக்குதல் வேண்டும். குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் வன்னி மக்களுக்கு இவ்வேறுபாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும். தமிழ் நூற் பதிப்பிலும் ஏடுகளை ஒப்பு நோக்காமற் பாடம் துணிதல் ஆகாது. நெறி வேறாயினும், ‘இதற்குச் சான்று யாது?’ என்னும் வினா எங்கும் ஒன்றே.

இளமை இதற்குத் தடையாகுமோ எனின், ஆகாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1832ஆம் ஆண்டிற் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், நீதிநெறி விளக்கத்தை உரையுடன் 1854இல் வெளியிட்டபொழுது ஏறத்தாழ 22 வயதினரே. பின்னர் வீரசோழியம், கலித்தொகை முதலாயவற்றை அச்சேற்றிய பெருமகனாரின் பதிப்புப் பணி இவ்வாறு இளமையிலேயே தொடங்கிற்று. அதே 1832இற் பிறந்த ஆங்கில இரசாயனவியலாளர் வில்லியம் குரூக்ஸ், 1859இல் ‘கெமிக்கல் நியூஸ்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கியபொழுது அவர்க்கு வயது 27.

நல்ல பதிப்பாசிரியரால் விளையும் பயனை இராமானுஜனின் வரலாற்றிற் காணலாம். 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவரது முதற் கட்டுரை வெளிவந்தது. அவர் எழுதிய முறை மிகச் சுருங்கியதாய், பிறர்க்கு விளங்காததாய் இருந்தது. பதிப்பாசிரியர் நாராயண ஐயங்கார் அதனை வீசி எறிந்தாரல்லர். திரும்பத் திரும்ப அவர்க்கு அனுப்பித் திருத்துவித்தே அச்சேற்றினார். பட்டமும் பதவியும் இல்லாத இளைஞர் ஒருவர்க்கு அப்பொறுமை எத்துணைப் பேருதவி! புதியோன் படும் இடர்ப்பாட்டை நேற்றுத்தான் தாமும் பட்டறிந்த இளம் பதிப்பாசிரியர்க்கு இப்பொறுமை எளிதில் வாய்க்கும் என்பது என் துணிபு.

இளைஞர்க்கு அனுபவம் குறைவு, பெரியார் ஒருவரின் கட்டுரையை மறுக்க அஞ்சுவர் என்பாரும் உளர். அது பொருளற்ற அச்சமன்று. நாளை வேலை தருவார் யார் என்ற கவலை இளையோர்க்கு உண்டு. ஆதலின் மூத்தாரொருவர் உடனிருந்து வழிகாட்டல் வேண்டும். தம் ஆசிரியர், தம் உறவினர், தம்மோடு ஆய்வு செய்வார் ஆகியோரின் கட்டுரைகளை அவர் கையிற் கொடாதிருத்தலும் வேண்டும்.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. பேராசிரியர்க்கு வந்த கட்டுரையை மாணவர் படித்து மதிப்புரை எழுத, அது பேராசிரியர் பெயரிலேயே செல்கின்றது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், வினவப்பட்ட இளம் ஆய்வாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வாறு பெயரின்றி எழுதியதாகக் கூறினர். இதைப் படித்தபொழுது என் நெஞ்சம் சுட்டது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் மலரொன்றின் அச்சுப் படிகளை இரவிரவாகத் திருத்தியவருள் யானும் ஒருவன். மலர் வெளிவந்தபொழுது எங்கள் பெயர் எப்பக்கத்திலும் இல்லை. உழைப்புக்குக் கூலி கேட்டோமல்லேம். உழைத்தோம் என்பதற்கு ஓர் அடையாளமே வேண்டினோம். பொறுப்பும் பெயரும் பிரிக்கலாகாதவை. பெயர் இல்லாதவிடத்துப் பிழைக்குப் பொறுப்பேற்பாரும் இலர்.

1997ஆம் ஆண்டுப் போரில் ஓமந்தை மக்கள் வீடும் வயலும் விட்டு இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டிலேதான் வவுனியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிறுவப்பெற்றது. அது 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று பம்பைமடுவில் விளங்குகின்றது. அகதி முகாமிற் கூப்பன் அட்டையின் பின்புறத்தே கணக்குச் செய்து படித்த தலைமுறையின் பிள்ளைகள் இனி ஆய்வு செய்வர். அவர்கள் எழுதுவோராக மட்டும் நின்றுவிடாது, எழுதியதை எடைபோடும் அவையிலும் அமர்தல் வேண்டும். எது அறிவு என்று தீர்மானிக்கும் இடத்தில் நம்மவர் இல்லையேல், நம் மண்ணின் குளமும் காய்ச்சலும் பயிரும் பற்றிய வினாக்கள் பிறர்க்குச் சிறியனவாகவே தோன்றும்.

பல்கலைக்கழகங்களிலும் சஞ்சிகைகளிலும் உயர்நிலை வகிக்கும் பழைய மாணவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் மேசைக்கு வரும் கட்டுரையை இளையாரோடு சேர்ந்து படியுங்கள். உங்கள் பெயரின் அருகே அவர் பெயரையும் எழுதுங்கள். மாணவச் செல்வங்களே, வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகையேயாயினும் அதன் ஆசிரியப் பொறுப்பை அஞ்சாது ஏற்றுக்கொள்ளுங்கள். தோழன் எழுதியதை அன்போடு குறை கூறவும், தோழன் கூறும் குறையைப் பொறுத்துக் கேட்கவும் அங்கே பழகுவீர்கள். அப்பழக்கமே விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் அடித்தளம்.

விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க!