பள்ளத்தை எட்டிப் பார்க்கிறவர்கள்

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் காலையிலேயே கூட்டம். 1872-இல் கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி மலைச்சரிவை ஒட்டிப் போட்ட நடைபாதை இது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஓரமெங்கும் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் சமவெளி வரை இறங்கும் சரிவு. வானம் வெளுத்திருந்தால் கீழே சமவெளி விரியும். நான் போன நேரத்தில் மேகம் மூடி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கம்பியில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மகனைக் கம்பிமேல் உட்காரவைத்துப் படமெடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் காற்று வீசி மேகம் விலகியது. சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மகனை அவசரமாக இறக்கிவிட்டார் அந்தத் தகப்பன். கம்பி அதேதான், பள்ளமும் அதேதான். கண்ணுக்குத் தெரிந்ததும் கால் தானாகப் பின்னால் போனது.

பக்கத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம். தள்ளி நின்ற ஒருவனை நண்பர்கள் வம்புக்கு இழுத்தார்கள். அவன் சொன்னான்: "விழுந்துடுவேன்னு பயமில்லடா. நானே குதிச்சிடுவேனோன்னுதான் பயமா இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே எண்ணம் எனக்கும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரருகே வந்ததுண்டு. அன்றைய பொழுதை இந்த ஊரின் விளிம்புகளிலேயே கழிப்பதென்று முடிவு செய்தேன்.

அவன் சொன்னதில் விபரீதம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஹேம்ஸ் குழுவினர் 431 மாணவர்களிடம் இதைக் கேட்டு, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சாக வேண்டும் என்று ஒருபோதும் நினைத்திராதவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோர், உயரத்தில் நின்றபோது குதிக்கும் உந்துதல் வந்ததாகச் சொன்னார்கள். ஹேம்ஸ் தரும் விளக்கம் இது: ஆபத்து என்று உடம்பு சட்டென்று நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. அறிவு ஒரு கணம் தாமதமாக வந்து, 'ஏன் பின்வாங்கினேன்? குதிக்க நினைத்தேன் போலிருக்கிறது' என்று தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறது. ஆக, அந்த உந்துதல் பிழைத்திருக்கும் ஆசையின் பக்கத்தைச் சேர்ந்தது. விளிம்பை விட்டு வந்த பிறகும் சாவு பற்றிய எண்ணம் விடாமல் தொடர்ந்தால் அது வேறு விஷயம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசத் தயங்கக் கூடாது.

அடுத்து கிரீன் வேலி வியூ. தற்கொலை முனை என்ற பழைய பெயரை ஜீப் ஓட்டுநர்கள் இன்னும் விடவில்லை. இப்போது ஆளுயரத்துக்கு மேல் வேலி. அதன் கண்ணிகளில் விரல்களைக் கோத்து, முகத்தை ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள். தாயின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை பள்ளத்தைப் பார்த்துக் கைகொட்டியது. தாய்தான் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பயம் பிறப்போடு வருகிறதா? கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. மேசையின் பாதிக்குக் கீழே ஆழம் தெரியும்படி கண்ணாடி பதித்து, 6 முதல் 14 மாதக் குழந்தைகளை விட்டார்கள். பெரும்பாலானவை தாய் கூப்பிட்டும் ஆழத்தின் பக்கம் வரவில்லை. பின்னர் ஜோசஃப் காம்போஸ் இன்னும் தவழாத குழந்தைகளை அந்தக் கண்ணாடிமேல் இறக்கியபோது அவற்றின் இதயத்துடிப்பு குறைந்தது. அது ஆர்வத்தின் அறிகுறி. தவழப் பழகிய குழந்தைகளுக்கோ துடிப்பு கூடியது. ஆழத்தைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதவில்லை. கையும் காலும் ஊன்றி நகர்ந்து பழகிய பிறகே அது அச்சமாகிறது.

தூண் பாறையில் அதிக நேரம் நிற்கவில்லை. ஏறத்தாழ 400 அடி உயரப் பாறைகளை எதிரில் நின்று பார்க்கிறோம்; யாருக்கும் கால் கூசவில்லை. குணா குகையில் கூட்டம் நெரிந்தது. 1991-இல் வந்த 'குணா' படம் கொடுத்த பெயர் அது; 2006-இல் கேரளத்து இளைஞர் ஒருவர் குழிக்குள் விழ, நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்ட கதை 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படமானது. இப்போது கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். வந்தவர்கள் குழி எங்கே என்று தேடினார்கள். அங்கே ஆபத்தே கண்ணுக்குத் தெரியாததுதான்.

மதியத்துக்கு மேல் வட்டக்கானலிலிருந்து டால்ஃபின் நோஸுக்கு இறங்கினேன். வேர்கள் புடைத்த செங்குத்தான பாதை. கடைசியில் ஒரு தட்டைப் பாறை, பள்ளத்துக்கு மேலே வெட்டவெளியில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவரை போவதற்குள் முழங்கால் தளர்ந்துவிட்டது.

நிற்பது சும்மா நடக்கிற காரியமல்ல. உடம்பு ஓயாமல் லேசாக ஆடுகிறது. கண், உள்காது, பாதமும் மூட்டும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த ஆட்டத்தைத் திருத்துகின்றன. பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், நாம் ஆடும்போது அது எதிர்ப்பக்கம் நகர்வதைக் கண் பிடித்துவிடும். விளிம்பில் மிக அருகிலுள்ள பொருளே மைல்கணக்கில் தள்ளி இருக்கிறது. அது அசைவதாகத் தெரியாது. கண் 'ஆடவில்லை' என்கிறது, காதும் காலும் 'ஆடுகிறோம்' என்கின்றன. ஜெர்மனியின் தாமஸ் பிரான்ட் போன்ற நரம்பியலாளர்கள் உயரத்து மயக்கத்துக்குச் சொல்லும் காரணம் இது. உடம்பு மெய்யாகவே கூடுதலாக ஆடுவதையும் அவர்கள் அளந்திருக்கிறார்கள். பள்ளம் இழுக்கிறது என்று நமக்குத் தோன்றுவதில் இந்த ஆட்டத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். பாறைமேல் உட்கார்ந்தேன். பாதிப் பயம் அப்போதே போயிற்று.

தலையில் மூட்டையோடு ஒரு பெரியவர் கீழ்ப்பாதையில் இறங்கினார். வெள்ளகவி ஊர்க்காரர். நான் போனபோது அந்த ஊருக்குச் சாலை கிடையாது. சாமான்கள் இந்தப் பாதை வழியாகப் போயின. பாறைப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"பயமே இல்லையா ஐயா?"

"ஏன் இல்லாம? மழை பேஞ்சா பாசி புடிச்சிக்கும். உள்ளோரமா, மலைய ஒட்டித்தான் நடப்போம். நீங்கல்லாம் தூரத்தப் பாத்துப் பயப்படுறீக. நாங்க காலடியப் பாத்துப் பயப்படுறோம்."

அவர் போன பிறகு நாலைந்து பேர் பாறை நுனிக்கு வந்தார்கள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி. கண்ணெதிரே ஒரு முழ தூரத்தில் கைப்பேசித் திரை, அதில் தங்கள் முகம். காலையில் மேகம் செய்த வேலையை இங்கே திரை செய்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண் பாறையில் கையூன்றி உட்கார்ந்து, வரமாட்டேன் என்று தலையாட்டினாள். "பயந்தாங்கொள்ளி" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அவளைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. அவளுடைய கண்ணும் காதும் காலும் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தன. சுற்றுலா இடங்களில் வேலி போடுவது அரசின் வேலை, போடட்டும். தயங்கி நிற்கிறவரைக் கேலி செய்து முன்னால் இழுக்காமல் இருப்பது கூட வருகிறவர்களின் வேலை. இழுத்த கையை விடச் சொன்னேன். முறைத்துக்கொண்டே விட்டார்கள்.