தேசேயிலிருந்து அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

பிரான்சில் பர்கண்டிப் பக்கம், தேசே என்கிற குக்கிராமத்து மடத்தில் தங்கியிருக்கிறேன். முதலில் சாப்பாட்டுப் புலம்பலை முடித்துவிடுகிறேன். காலையில் ரொட்டி, வெண்ணெய், சாக்லேட் குச்சி. டீயைப் பிடியில்லாத கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். மத்தியானம் குழைந்த பாஸ்தா. வெண்ணெய் தடவுவது முதல் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஸ்பூன். நார்த்தங்காய் ஊறுகாயை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது.

வந்து இறங்கியதுமே வேலை கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பாத்திரம் கழுவுகிற கூட்டம். பெரிய தொட்டிகள், முழங்கை வரை சோப்பு நுரை, ஆளுக்கொரு ராகத்தில் பாட்டு. பக்கத்தில் நின்ற போலந்துப் பையன் கத்தோலிக்கன், எதிரே ஜெர்மன் டீச்சரம்மா லுத்தரன், கிண்ணம் துடைத்த ருமேனியாப் பெண் ஆர்த்தடாக்ஸ். இதெல்லாம் பாதி கிண்ணம் கழுவின பிறகு பேச்சுவாக்கில் தெரிந்ததுதான். நம்ம கோயிலுக்குப் புது ஆள் வந்தால் எந்த சபை, எந்த ஊர், யார் மகன் என்று மூணே கேள்வியில் சாதிவரை போய்விடுவோம். அப்புறம் ஆராதனையில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவோம். அடுத்த வாரம் அவர் வந்தாரா என்று யார் பார்க்கிறார்கள்? இங்கே மறுநாளே, புதிதாக வந்த ஒருவருக்குத் துடைக்கிற துண்டு எங்கே காய்கிறது என்று நான் காட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ பழைய ஆள் தோரணையில்!

சுவிஸ் சீர்திருத்த சபைப் போதகர் மகனான பிரதர் ரோஜே 1940-இல் இந்த ஊருக்கு வந்து, யூதர் உட்பட யுத்த அகதிகளை வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர். அதிலிருந்து வளர்ந்த மடம் இது. முந்தைய தலைவர் கத்தோலிக்கர். 2023 கடைசியிலிருந்து இருப்பவர் ஆங்கிலிக்கன். தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டும் கிடையாது, கோர்ட்டு கேஸும் கிடையாது. இருக்கிறவர் அடுத்தவரைக் கைகாட்டுகிறார். சிரிக்காதீங்க. 1971 ஈஸ்டருக்குக் கூட்டம் கொள்ளாது என்று கோயில் முன்சுவரையே இடித்துக் கூடாரம் சேர்த்தார்களாம். ஒரு பெஞ்சை நகர்த்த நம்ம கமிட்டி எத்தனை தடவை கூடும்!

ஆனாலும் காலை ஜெபம் முடிந்து நற்கருணை கொடுக்கையில் எனக்குச் சுருக்கென்றது. அதை வாங்காதவர்களுக்குக் கூடையில் ஆசீர்வதித்த அப்பம் தனியாக இருக்கிறது. ருமேனியாப் பெண் அதைத்தான் எடுத்தாள். ஒரே தொட்டியில் கழுவுகிறோம், பந்தி மட்டும் வேறு. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் சேர்ந்துதான் நம்ம தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அவ்வளவு தூரம் வந்தவர்கள், ஆர்.சி. கல்யாணத்துக்குப் போனால் நற்கருணை நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே.

நம்ம கோயில் அசன விருந்துக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. யார் வந்தாலும் சோறுதான். இந்த வருஷம் புதுசாகக் குடிவந்த குடும்பங்களைப் பந்தியில் உட்காரவைக்காமல், குழம்பு வாளியைக் கையில் கொடுத்துப் பார்ப்போமா? கமிட்டியில் நீங்கதான் பேசணும். நான் சொன்னால் பிரான்ஸ் போய்வந்த திமிர் என்பார்கள்.

தம்பி